மூன்றேகால் சுற்று

உக்கடத்தில் மழை விட்டு அரைமணி ஆகியிருந்தது.
அனீஸ் தார்ப்பாயை இழுத்தான்.
மடிப்பில் தேங்கிய தண்ணீர் முழுக்க என் செருப்பில்.
அடியில் ஏழு ஸ்டியரிங் பாக்ஸ்.
ஒவ்வொன்றுக்கும் நீளக் கழுத்து, தலை இல்லை.

"எடைக்குன்னா ஒரு ரேட்டு,
வண்டிக்குன்னா ஒரு ரேட்டுங்கக்கா."
போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வண்டி என்று சொல்லிக்கொள்ள
கணபதியில், ஆறுச்சாமியின் லேத் கொட்டகையில்
ஒரு சட்டம் நிற்கிறது.
ட்ரெக்கரின் முன் அச்சு, அம்பாசிடர் எஞ்சின்.
பானட் இல்லை, வைக்கப்போவதும் இல்லை.
சீட்டு வரவேண்டிய இடத்தில் ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்.
அவன் மனைவி மைனாவதி அதைக் கட்டில் என்பாள்.
என் வீட்டில் அதன் பெயர் 'அந்தச் செலவு'.

திருப்பூரில் எம்ப்ராய்டரி மிஷின்களுக்கு
ஊசி டைமிங் வைக்கிறவள் நான்.
முடியளவு ஆட்டம் இருந்தாலும்
கண்ணுக்கு முன்னால் விரல் சொல்லிவிடும்.
அதனால் ஆறுச்சாமி பிடித்துக்கொண்டான்,
நான் திருப்பினேன்.

பத்மினியுடையது பளபளவென்று பச்சையாக இருந்தது.
போல்ட் தலையிலும் பச்சை, ஆயில் மூடியிலும் பச்சை.
இவ்வளவு பெயிண்ட் எதை மூட?
கீழே வைத்தேன்.

கான்டெஸாவுடையது நல்ல சாமான்தான்.
சாண் போட்டு அளந்தோம்.
சைலன்சர் குழாய் போகிற வழியில்
குறுக்கே உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது, நாமக்கல் முட்டை வண்டியில் கழற்றியதாம்.
நடுவில் பிடித்தால் லொடலொட.
மேல் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினேன், நடு சரியாயிற்று.
ஓரத்துக்குத் திருப்பினால் இறுகி நின்றுவிட்டது.
"நேர் ரோட்டுலயே ஓடியிருக்குது" என்றான் ஆறுச்சாமி,
"நடுவு மட்டும் தேஞ்சுபோச்சு.
இத நம்பி ஒரு வளைவு திரும்ப முடியாதுங்."

நான்காவதைத் தூக்கியதும்
வார்ப்பு எழுத்துக்களின் பள்ளத்தில்
காய்ந்த செம்மண்.
வால்பாறை எஸ்டேட் ஜீப்.
இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை
ஒரே அளவு தளர்வு, எங்கும் கூடவில்லை, குறையவில்லை.
கால் சுற்று இறுக்கினேன்.
எல்லா இடமும் ஒன்றாக இறுகி வந்தது.
மறுபடி எண்ணினேன், உதட்டை அசைத்து:
மூன்றேகால்.
கொண்டை ஊசி கொண்டை ஊசியாகத் தேய்ந்தது
கோணாமல் தேய்ந்திருக்கிறது.

அதன் கீழ் ஆர்மில் மட்டும் ஒரு வெல்டிங் தழும்பு.
ஆறுச்சாமி நகத்தால் கீறிப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
ஆர்மைக் கழற்றி அனீஸிடமே கொடுத்துவிட்டு
பாக்ஸுக்கு ஆயிரத்து எழுநூறு எண்ணி வைத்தோம்.

பெரிய குளத்துக் கரையில் டீ.
பாதி டம்ளரில் எனக்கு டீ இறங்கவில்லை.
நாளைக்கு ஒருத்தன் வருவான்,
அந்த ஆர்மை எடுப்பான்,
அவன் வண்டியில் பின்னால் குழந்தைகள் இருப்பார்கள்.
ஆறுச்சாமி என் முகத்தைப் பார்த்தான்.
டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

"வேண்டாம்னு குடுத்தீங்களே?"
"வேண்டாம்னுதான் வாங்கறோம்."
அன்றைக்கு முதல்முறையாக
அனீஸ் போனைக் கவிழ்த்து வைத்தான்.
நூற்றைம்பது ரூபாய்.
அவன் கிரைண்டரையே கேட்டு வாங்கி
தழும்பின் மேலேயே வைத்து அறுத்தோம்.
உள்ளே பாதிக்கு மேல் பற்றவே இல்லை.
கருப்பாக ஒரு வாய், திறந்தபடி.
அனீஸ் ரெண்டு துண்டையும் எடைக் குவியலில் எறிந்தான்.
காசைத் திருப்பித் தருவான் என்று நினைத்தேன்.
தரவில்லை.

ராத்திரி பத்தரைக்கு பாக்ஸ் ஏறியது.
புது ஆர்ம், புது காட்டர் பின், சட்டத்தில் நாலு போல்ட்.
மைனாவதி சோற்றுக்குக் கூப்பிட வந்தவள்
முந்தானையைச் செருகிக்கொண்டு
ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து வீலைப் பிடித்தாள்.
கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.
பிறகு எட்டி டயரைப் பார்த்தாள்.

"ஏனுங்க,
நா சோத்தாங்கைப் பக்கம் திருப்பறேன்,
அது பீச்சாங்கைப் பக்கம் போவுதுங்க."

கவிழ்த்து மாட்டியிருக்கிறோம்.
ஆறுச்சாமி தலையில் கை வைத்து
தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.
நான் பதினேழாம் நம்பர் ஸ்பானரைத் தேடினேன்.
மைனாவதி இறங்குவதாக இல்லை.
"இருங்க, இருங்க" என்று
இன்னொரு தடவை,
மூன்றேகால் சுற்றும் முழுசாக.